சலேத்துக்குப் பக்கத்தில் கடல்

எங்கள் தும்பைத்துறைக் கோயிலின் கோபுரம் பக்கத்து ஊரான மேற்குத்துறைக் கோபுரத்தைவிட உயரம் குறைவுதான், ஒத்துக்கொள்கிறோம், மணியும் அவர்கள் மணி மாதிரி கணீரென்று அடிக்காது, திருவிழாவுக்கு அவர்கள் கூப்பிடுகிற பேண்டுக்காரர்களைக் கூப்பிட எங்களுக்கு வக்கும் கிடையாது. ஆனால் கடல் எழுந்து பூசை காண வந்தது எங்கள் கோயிலுக்குத்தான், அவர்கள் கோயிலுக்கு அல்ல, இதை எவன் எங்கே வைத்துக் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோம். அதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் எங்களுக்கு உண்டு. அவள் பேர் சலேத்.

சலேத்தைப் பற்றிச் சொல்லுமுன் அவள் புருஷன் கயித்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவன் சாமி பயம் உள்ளவன், கடலுக்குப் போகும்போது சிலுவை போடாமல் துடுப்பைத் தொடமாட்டான், ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. பூசை தொடங்கி முதல் வேத வாசகம் முடிகிற நேரத்தில் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே உள்ளே நுழைவான், ஊரே திரும்பிப் பார்க்கும், பூசை முடிந்து வெளியே வந்ததும் சலேத் ஊர் கேட்கக் கத்துவாள்: "ஏ மனுசா, அடுத்த ஞாயிறாவது மணி அடிக்குமுன்னே வந்து நில்லும்! ஒம்மாலே எனக்குத் தலைநிமிர முடியலே!" கயித்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். அடுத்த ஞாயிறும் முதல் வாசகம் முடிகிறபோதுதான் வருவான்.

அப்புறம் அந்தப் புயல். கிறிஸ்மஸ் நட்சத்திரங்களை வீடுவீடாகக் கட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை, காலையில் தெளிந்த வானத்தைப் பார்த்துப் போன வள்ளங்களில் மூன்று திரும்பவில்லை, அதில் ஒன்று கயித்தானுடையது, தேடிப் போனவர்கள் வெறும் கையோடு வந்தார்கள், ஒரு துண்டு துணிகூடக் கரைக்கு வரவில்லை, அதனால் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அந்த ஆண்களுக்கு ஒரு சாண் மண்ணும் இல்லை. மூன்று வள்ளத்துப் பெண்களும் கோயிலில் பெண்கள் பக்கம் கடைசித் தூணை ஒட்டி ஒரே வரிசையில் நிற்பவர்கள், மீன் விற்கும்போதும் ஒரே வரிசையில் உட்காருகிறவர்கள். புயலுக்குப் பிறகு அந்த வரிசை காலியாகிப் போனது. அவர்களில் ஒருத்தியான பிலோமி வீட்டில் இருந்த மாதா படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்துவிட்டாள், "என் மூஞ்சியிலே முழிக்க வேண்டாம்" என்று மாதாவிடமே சொன்னாளாம். மற்றவர்களும் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நாங்கள் யாரும் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வது.

சலேத் மட்டும் வந்தாள். புயலுக்கு அடுத்த ஞாயிறே வந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் கொஞ்ச காலத்துக்கு வாசப்படி தாண்டக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், அவள் கேட்கவில்லை, முதல் மணிக்கே வந்து அந்தக் காலி வரிசையில் தனியாக, தூண் பக்கத்தில் இன்னொரு தூணாக நின்றாள். அழுது வீங்கிய முகத்தோடு பாட்டுக்குப் பாட்டு, ஜெபத்துக்கு ஜெபம், அந்த உரத்த குரலில் சொன்னாள். டவுனிலிருந்து வந்த அவள் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் என்னத்துக்குக்கா அங்க போறே? ஒன் சாமி ஒனக்கு என்ன செஞ்சு கிழிச்சாரு?" என்று கேட்டான்.

"செஞ்சாரா செய்யலையாங்கிறது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு, லே" என்றாள் சலேத். "வழக்கு வச்சிருக்கவ கோர்ட்டுக்குப் போகாம வீட்டுல படுத்துக் கெடப்பாளா?"

தம்பி அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான்.

புயலோடு மீனும் போனது. வலையை எறிந்தால் வலையே திரும்பி வந்தது, கூடவே கொஞ்சம் பாசி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பழைய செருப்பு. உலை வைக்காத வீடுகளில் புகை வருகிற மாதிரி காட்டிக்கொள்ளத் தென்னமட்டையைக் கொளுத்தினார்கள், எங்கள் ஊர் ரோஷம் அப்படி. இப்படியே கிறிஸ்மஸ் போய், தவக்காலம் வந்து, அதன் முதல் ஞாயிற்றில், முதல் வாசகம் முடிகிற நேரத்தில், கடல் கோயிலுக்குள் வந்தது.

வந்தது என்றால் பொங்கிக்கொண்டு வந்து மோதியது என்று நினைக்காதீர்கள், அப்படியெல்லாம் இல்லை, நாகரிகமாகத்தான் வந்தது. மணலில் ஏறி, சிலுவை நிற்கிற குருசடியைச் சுற்றிக்கொண்டு, நாங்கள் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் தன் நுரையைக் கழற்றி வைத்துவிட்டு, படியேறி, வாசலில் கொஞ்சம் தயங்கி, உள்ளே வந்து கணுக்கால் உயரத்துக்கு நின்றது. அந்த நேரத்தில் கரையில் இருந்த, மணியடிக்கிற கோயில்பிள்ளையின் மனைவி பிறகு சொன்னாள், கடல் இருந்த இடத்தில் கடல் இருந்ததாம், ஆனால் ஒரு அலைகூட இல்லையாம், அலைகள் எல்லாம் பூசைக்குப் போயிருந்தனவாம். பீடத்தில் பூசை வைத்துக்கொண்டிருந்த பாதிரியார் திரவியம் சாமி மலைநாட்டுக்காரர், வெங்காயத்தையும் ஆட்டையும் பார்த்து வளர்ந்தவர், குளத்தில்கூட நீந்தத் தெரியாது. அவர் முகம் வெளுத்தது, ஆனாலும் நிறுத்தாமல், "எம்மேல் இரக்கம் வையும்" என்பதை மட்டும் வழக்கத்தைவிட ஆழமாகச் சொல்லிவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். பூசை முடிந்ததும் கடல் நுரையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டது.

அன்று மத்தியானமே ஊர்க் கமிட்டி கூடியது. எங்கள் கமிட்டித் தலைவர் மச்சாது நல்ல மனிதர், ஆனால் சுண்டைக்காய் விஷயத்துக்கும் சுங்கச்சாவடி போடுகிறவர். கடல் ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, அது கோயில். கோயிலுக்கு வருகிறவரிடம் ஏன் வந்தீர் என்று கேட்பது எங்கள் வழக்கம் இல்லை. கேள்வி என்னவென்றால், அது ஆண்கள் பக்கம் நிற்பதா, பெண்கள் பக்கம் நிற்பதா. நாலு பேர் ஆண்கள் பக்கம் என்றார்கள், அது நம்மோடுதானே பொழுதன்னைக்கும் கிடக்கிறது என்றார்கள். மச்சாது மேஜையைத் தட்டினார்: "கடலம்மான்னுதான கூப்பிடுதோம்? கடலப்பான்னா கூப்பிடுதோம்? பொம்பளைய பக்கம்தான்!" ஞானஸ்நானம் வாங்காததை உள்ளே விடலாமா என்று ஒருவர் கேட்டபோது திரவியம் சாமி, "நமக்கெல்லாம் தண்ணியிலே ஞானஸ்நானம் குடுக்கோம், தண்ணிக்கு எதுலே குடுக்கது?" என்றார், அதோடு அந்தப் பேச்சு அடங்கியது. பெண்கள் பக்கம் எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்தார்கள். கடைசித் தூணை ஒட்டிய வரிசை காலியாக இருந்தது. அங்கே சலேத் ஒருத்திதான் நிற்கிறாள் என்பது கமிட்டியில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, ஆம்பிளைகள் கூடிப் பேசினால் இப்படித்தான்.

இப்படியாக, கயித்தானைத் தின்ற கடல், ஞாயிறுதோறும் கயித்தான் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அவள் நகரவில்லை. "இந்த எடத்துல எங்கம்மா நின்னா, அவுக அம்மா நின்னாக. வந்தவளுக்காக இருந்தவ எடத்த விடுவாளா?" என்றாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, புருஷனைக் கொண்டுபோன தண்ணீரில் கால் நனைய நின்று, கடலை ஒருமுறையும் திரும்பிப் பார்க்காமல், குரலை மட்டும் முன்னைவிட உயர்த்தினாள்.

ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை நாங்கள். ஆர்மோனியத்தைச் செங்கல்மேல் ஏற்றினோம், மின்சார வயரை உயர்த்தி அடித்தோம், பெண்கள் நல்ல சேலையை வீட்டில் வைத்துவிட்டு இரண்டாந்தரச் சேலையில் வந்தார்கள், முழங்காலிடுகிற நேரத்தில் எல்லோரும் உப்புத்தண்ணீரில் முழங்காலிட்டோம், முட்டுவலிக்காரர்கள் அது நல்லது என்றார்கள். மேற்குத்துறைக்காரர்கள் கடல் பொதுச்சொத்து என்றும் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு தங்கள் கோயிலுக்கு அனுப்ப வேண்டும் என்றும் ஆள்விட்டுக் கேட்டார்கள், உங்கள் கோபுரம் உயரமாச்சே, அதில் ஏறிநின்று கூப்பிட்டுப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினோம். ஆண்டவர் புயலை அதட்டி அடக்கிய வாசகம் வந்த ஞாயிற்றில் கடல் பெஞ்சுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது, பூசை முடியும்வரை வெளியே வரவில்லை, பார்க்கப் பாவமாக இருந்தது. சலேத் மட்டும் அன்றைக்கு நிமிர்ந்து நின்றாள்.

கடல் ஜெபம் கற்றுக்கொண்டதும் அவளிடமிருந்துதான். பக்கத்தில் இருந்ததும் அவள் குரல், உரக்கக் கேட்டதும் அவள் குரல். முதலில் இரைச்சலாக இருந்தது, பிறகு ஆமென் மட்டும் தெளிந்தது, பிறகு மெல்ல மெல்ல, அவள் சொல்லி முடித்து ஒரு மூச்சு விடுகிற நேரம் தள்ளி, அவள் சொன்னதை அப்படியே சொல்லத் தொடங்கியது. மைக்கும் ஆர்மோனியமும் மின்விசிறியும் போடுகிற சத்தத்தில் எங்களுக்கு அது சரியாகக் கேட்டதில்லை.

ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. "ஒருவருக்கொருவர் சமாதானம் அறிவித்துக்கொள்வோம்" என்று சாமி சொல்கிறபோது எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புவோம் அல்லவா, அப்போது பெண்கள் எல்லோரும் கடலைப் பார்த்துக் கைகூப்பினார்கள், ஆண்கள் அந்தப் பக்கத்திலிருந்தே எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்கள், கடலும் ஒரு சாண் எழும்பித் தாழ்ந்து எல்லோருக்கும் பதில் சொன்னது. சலேத் மட்டும் மறுபக்கம் திரும்பித் தூணுக்குச் சமாதானம் சொன்னாள். ஞாயிறுதோறும் தூணுக்கே சொன்னாள்.

மழைக்காலம் வந்தது, மீன் வரவில்லை. பசித்த வயிறு காரணம் தேடும். கடல் சமாதானம் கேட்டுத்தான் படியேறி வந்திருக்கிறது, ஊரே கொடுத்தாச்சு, இவள் ஒருத்தி கொடுக்காததால்தான் அது மீனைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறது என்று யாரோ சொல்ல, அது பரவி, மச்சாதின் வாயில் தீர்மானமாகி வந்தது. கோயில் முற்றத்தில் ஊர் பார்க்க அவளை நிறுத்தினார்கள்.

"சலேத்து, புயல்ல போனவுகளுக்கு ஆண்டுப் பூசை வருது" என்றார் மச்சாது. "அன்னைக்காவது நீ கடலுக்குச் சமாதானம் சொல்லணும். இல்லைன்னா, மனசுல பகைய வச்சுக்கிட்டு இந்தக் கோயில்ல நிக்க வேண்டாம். மேற்குத்துறைக்குப் போய் பூசை கண்டுக்கோ."

மேற்குத்துறைக்கு! எங்கள் ஊரில் ஒருவரை அதைவிடக் கேவலப்படுத்த முடியாது. சொன்ன மச்சாதே கொஞ்சம் திடுக்கிட்டார்.

"மீன் வேணும்னா கடலுகிட்ட கேளுங்க மாமா" என்றாள் சலேத். "நான் கோயிலுக்கு வாறது மீனுக்கு இல்ல. மீன் இருந்தப்பவும் வந்தேன். புருசன் இருந்தப்பவும் வந்தேன். ரெண்டும் இல்லாமலும் வாரேன்."

ஆண்டுப் பூசைக்கு முந்தின ஞாயிறு, பூசை நடுவில் கரண்டு போனது. மைக் செத்தது, விசிறிகள் சுற்றி ஓய்ந்தன, கோயில் அமைதியானது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லோரும் சொல்லத் தொடங்கினோம், பரலோகத்தில் இருக்கிற தந்தையைக் கூப்பிட்டோம், அன்றாட உணவைக் கேட்டோம், அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கடலின் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது, சுத்தமான தும்பைத்துறைத் தமிழில், சலேத்தின் இழுவையோடு, ஒரு மூச்சு பிந்தி. எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் மன்னிப்பது போல என்ற வரி வந்தது. கடல் நின்றுவிட்டது. அதனிடமிருந்து சத்தமே இல்லை. அந்த வரி முழுக்கக் கடந்து, சோதனையில் விழவிடாதேயும் என்ற இடத்துக்கு வந்ததும் மறுபடி சொல்லத் தொடங்கியது.

ஊரே திரும்பிச் சலேத்தைப் பார்த்தது. அவள் சொல்லிக்கொடுத்த ஜெபத்தில் அந்த வரி இல்லை. புயல் நாளிலிருந்து அவள் அதைச் சொன்னதே இல்லை. இத்தனை சத்தமாக ஜெபித்தவள், அந்த ஒரு வரியில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள், எங்களுக்குத் தெரியவில்லை, கடலுக்குத் தெரிந்திருக்கிறது.

பூசை முடிந்தும் யாரும் கலையவில்லை. "பாத்தீகளா சாமி" என்றார் மச்சாது. "ஆண்டவர் சொன்ன ஜெபத்தையே அறுத்துச் சொல்லியிருக்கா! இது எத்தன பெரிய பாவம்!"

சலேத் முகம் சிவந்து நின்றாள். பிறகு பேசினாள், அவள் அன்று பேசியதை எங்கள் ஊரில் இன்றும் சொல்லிக்காட்டுவோம்.

"ஆமா மாமா, சொல்லல. வாய்க்கு வரல. வராதத வந்த மாதிரி ஆண்டவருகிட்ட நடிக்கச் சொல்லுதீகளா? ஒங்ககிட்ட நடிக்கலாம், அவருகிட்ட முடியுமா? ஒவ்வொரு ஞாயிறும் அந்த வரி வரும்போது என் நெஞ்சுக்குள்ள கத்தி எறங்கும். எறங்கட்டும்னு நின்னேன். ஓடிப்போகல. பொய் சொல்லல. நின்னேன். நிக்கதுக்கு என்ன பலம் வேணும்னு ஒமக்குத் தெரியுமா? கால நனச்சுக்கிட்டு, அவரு செத்த தண்ணியில கால நனச்சுக்கிட்டு நின்னேன் மாமா."

திரவியம் சாமி அங்கியைக்கூடக் கழற்றாமல் படியில் நின்றார். "நானும் ஒண்ணு சொல்லிர்றேன்" என்றார். "இந்தத் தண்ணி உள்ள வந்த நாள்லேருந்து ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஓடிரலாமான்னு இருக்கும். கடைசி வரிசையில இந்தம்மா நிக்கதப் பாத்துத்தான் நான் பீடத்துல நின்னேன். இவங்க போறதுன்னா நானும் போறேன்." அதோடு கமிட்டி அந்தத் தீர்மானத்தைக் கைவிட்டது.

இந்தப் பேச்சு வீடுவீடாகப் போனது, சுவரைப் பார்த்த மாதா இருந்த வீட்டுக்கும் போனது.

ஆண்டுப் பூசை அன்று சலேத் வழக்கம்போல முதல் மணிக்கு வந்து நின்றாள். இரண்டாம் மணிக்குப் பிலோமி வந்தாள். ஓராண்டாகக் கோயில் பார்க்காத அந்தப் பெண் சலேத்தின் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்: "அந்த வரியச் சொல்லாமலும் நிக்கலாமா மைனி?"

"நில்லுட்டீ" என்றாள் சலேத். "நிக்கத்தான வந்திருக்கோம்."

பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள், புயல் தின்ற மூன்று வள்ளத்துப் பெண்களும் வந்தார்கள், அந்த வரிசை தூணிலிருந்து சுவர்வரை நிரம்பியது. முதல் வாசகம் முடிகிற நேரத்தில் கடல் வந்தது. தன் இடத்தில் ஆள் நிற்பதைப் பார்த்தது. பின்வாங்கி, வாசலுக்கு வெளியே, செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டது.

கர்த்தர் கற்பித்த ஜெபம் வந்தது. அன்றாட உணவைக் கேட்டு முடித்தோம். அந்த வரி வந்தது. கடைசி வரிசை வாயை மூடியது. அதற்கு முந்தின வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்து, அவர்களும் மூடிக்கொண்டார்கள். ஆண்கள் பக்கம் அடங்கியது. மச்சாது ஒரு சொல்லைச் சொல்லி அடுத்ததை விழுங்கினார். பீடத்தில் சாமியும் விரித்த கைகளோடு பேசாமல் நின்றார். தும்பைத்துறைக் கோயில் முழுவதும் அந்தப் பெண்களோடு சேர்ந்து வாயை மூடி நின்றது. எங்கள் வாழ்நாளில் நாங்கள் செய்த சிறந்த ஜெபம் அதுதான் என்று நாங்கள் நம்புகிறோம்.

அந்த அமைதியில் வாசலிலிருந்து கடல் பேசியது. யாரும் சொல்லிக்கொடுக்காத அந்த வரியின் பின்பாதியை, முன்னால் சொல்ல ஆள் இல்லாமல், முதன்முதலாகத் தானாகச் சொன்னது:

"எங்கள் குற்றங்களை மன்னியும்."

ஒருமுறைதான் சொன்னது. சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதி ஜெபத்தை எப்படியோ முடித்து, சமாதானம் அறிவிக்கச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் சலேத்தைப் பார்த்தோம், அவள் தூணைப் பார்த்தாள், தூணுக்குச் சொல்லிவிடுவாள் என்றே நினைத்தோம், சொல்லியிருந்தாலும் அன்றைக்கு ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டோம். அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். வாசல்வரை நடந்தாள். செருப்புகளுக்கு நடுவில் நின்ற தண்ணீரை, அந்த ஓராண்டில் முதல்முறையாக, நேருக்கு நேர் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, அதை அவள் துடைக்கவில்லை.

கைகூப்பினாள். "சமாதானம்" என்றாள்.

பிறகு, ஊர் கேட்க, பழைய குரலில் கத்தினாள்: "அடுத்த ஞாயிறாவது மணி அடிக்குமுன்னே வந்து நில்லு!"

மீன் வந்ததா என்று கேட்பீர்கள், வந்தது, பிறகு வராமலும் இருந்தது, பிறகு வந்தது, கடல் என்றால் அப்படித்தான். அந்த வரியைச் சலேத் இப்போது சொல்கிறாளா என்றும் கேட்பீர்கள். சில ஞாயிறு சொல்கிறாள், சில ஞாயிறு வாயை மூடி நிற்கிறாள், அது அவளுக்கும் ஆண்டவருக்கும் உள்ள வழக்கு. பிலோமி மாதா படத்தை நேராகத் திருப்பிவைத்துவிட்டாள், ஆனால் இன்னும் பேசுவதில்லையாம்.

அடுத்த ஞாயிறு, கோயில்பிள்ளை முதல் மணி அடிக்கக் கயிற்றைப் பிடித்தபோதே கடல் நுரையைக் கழற்றிவிட்டு வாசலில் வந்து நின்றது. சலேத் அதற்கும் முன்னால் வந்து நின்றிருந்தாள்.